பிப்ரவரியில் செரங்கெட்டி: ஒரு முதல் சஃபாரி நாட்குறிப்பு

கிளம்பும் முன்

முதல் சஃபாரிக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் நாட்டில் ஆரம்பிக்கிறார்கள். கென்யாவா, தான்சானியாவா, தென்னாப்பிரிக்காவா என்று. நானும் அக்காவும் மாதத்தில் ஆரம்பித்தோம். இருவருக்கும் ஒன்றாக விடுப்பு கிடைப்பது பிப்ரவரியில்தான். பிப்ரவரியில் விலங்குகள் எங்கே இருக்கும்? இதற்குப் பதில் கிடைத்ததும் நாடு, பூங்கா, வண்டி எல்லாம் அதன்பின் தானாக வந்து அமைந்தன.

பதில் இதுதான். பத்து லட்சத்துக்கும் அதிகமான வில்டபீஸ்ட்கள் (மாட்டுத் தோற்றமுள்ள பெரிய மான் வகை), அவற்றோடு ஒரு இரண்டு லட்சம் வரிக்குதிரைகள், லட்சக்கணக்கில் மான்கள் எல்லாம் வருடம் முழுக்க ஒரு பெரிய வட்டத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை வட்டத்தின் வடக்கு முனையில், மாரா ஆற்றின் இரு கரைகளிலும். ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கு முனையில், தான்சானியாவின் செரங்கெட்டி பூங்காவுக்குத் தெற்கு ஓரத்தில் நுடுட்டு என்ற இடத்தைச் சுற்றியுள்ள குட்டைப் புல்வெளியில். அங்கேதான் குட்டி போடும் காலம். ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்க்க ஆசைப்பட்டு பிப்ரவரியில் கென்யாவின் மசாய் மாராவுக்குப் போனால், அந்தப் பெருங்கூட்டம் அங்கே இருக்காது. மாராவில் சிங்கமும் சிறுத்தையும் எப்போதும் உண்டு, அது வேறு விஷயம்.

வேறு மாதத்தில் போகிறவர்களுக்கு வேறு பதில். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலத்தில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகரும் நமீபியாவின் எட்டோஷாவும் அருமையானவை. சொந்தமாகக் கார் ஓட்டிக்கொண்டே பார்க்கலாம். எட்டோஷாவில் ஒரு நீர்நிலைக்கு அருகே வண்டியை நிறுத்தினால் போதும், விலங்குகள் தாமாகவே வரும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ வடிநிலத்தில் வெள்ளம் ஏறுவது மழைக்காலத்தில் அல்ல. அங்கோலாவில் பெய்த மழை பல மாதம் கழித்து, வறண்ட காலத்தின் நடுவில் வந்து சேர்கிறது. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் மலேரியா இல்லாத மடிக்வே, பிலான்ஸ்பர்க் போன்ற தென்னாப்பிரிக்கக் காப்பகங்களை முதலில் பார்க்கலாம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் தான்சானியாவில் பெருமழை. கட்டணம் குறைவு, ஆனால் பாதைகள் மோசம்.

வரைபடத்தில் மாராவும் செரங்கெட்டியும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் போய்விடலாம் என்று தோன்றும். போக முடியாது. இரண்டுக்கும் இடையே சுற்றுலாப் பயணிகள் கடக்கும் எல்லைச்சாவடி கிடையாது. மேற்கே இசெபானியா வழியாகவோ கிழக்கே நமங்கா வழியாகவோ சுற்றித்தான் வர வேண்டும். ஒரு நாள் அதிலேயே போய்விடும். முதல் பயணத்தில் ஒரே நாடு போதும் என்பது என் திடமான கருத்து.

பயண முகவர்கள் அனுப்பிய திட்டங்களில் ஒவ்வொரு நாளும் ஒரு பூங்கா இருந்தது. தராங்கிரி, மன்யாரா, கொரோங்கோரோ, செரங்கெட்டி என்று ஓட்டம். தராங்கிரி யானைகளுக்குப் பெயர் போனது, ஆனால் ஆற்றுத் தண்ணீரைத் தேடி அவை அங்கே குவிவது வறண்ட மாதங்களில். பிப்ரவரியில் அவற்றில் பெரும்பகுதி வெளியே சிதறிவிடும். அதனால் அதை அடித்துவிட்டு, அந்த இரவுகளை நுடுட்டுவுக்குக் கொடுக்கச் சொன்னோம். ஒரு முகவர் மட்டும், "நல்லது, அப்படித்தான் செய்ய வேண்டும்" என்று உடனே பதில் எழுதினார். அவரையே தேர்ந்தெடுத்தோம். முகவரைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போகும் மாதத்தைச் சொல்லி, திட்டத்திலிருந்து எதை எடுத்துவிடலாம் என்று கேளுங்கள்.

மருந்து விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் தான்சானியா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறது. நைரோபியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தாலும் இந்த விதி பொருந்தும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும். மலேரியா மாத்திரை எது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஞாயிறு, அருஷா

கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்து அருஷாவுக்கு ஒரு மணி நேரம். மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது.

மாலையில் வழிகாட்டி வந்து எங்களோடு உட்கார்ந்து பேசினார். இவர்தான் ஓட்டுநரும். வரும் நாட்கள் முழுக்க இவர் கண்ணால்தான் நாங்கள் பார்க்கப் போகிறோம் என்பதால், என்ன வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டோம். ஐந்து பெரிய விலங்குகளின் பட்டியலை முடிக்க வேண்டிய அவசரம் எங்களுக்கு இல்லை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற அந்தப் பட்டியலே வேட்டைக்காரர்கள் போட்டது, நடந்து போய்ச் சுடுவதற்கு எவை ஆபத்தானவை என்ற கணக்கில். ஒரு இடத்தில் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் நிற்போம், மற்ற வண்டிகள் கிளம்பினாலும் நிற்போம் என்றோம். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "அப்படியானால் மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டே போவோம்" என்றார்.

வண்டி மேற்கூரை உயர்த்தித் திறக்கும் லேண்ட் க்ரூசர். நாங்கள் இருவர் மட்டும் என்பதால் செலவு அதிகம். நால்வர் சேர்ந்தால் ஆளுக்கு நிறையக் குறையும். ஆறு பேர் வரை எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை கிடைக்கும். பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பது என்று கேட்டால், தங்குமிடத்தில் பிடியுங்கள், வண்டியிலும் வழிகாட்டியிலும் பிடிக்காதீர்கள் என்பேன்.

திங்கள், கரட்டு

கரட்டு என்ற ஊர் வரை முழுக்கப் பயண நாள். மன்யாரா ஏரிக்கு மேலே பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் சுவரில் சாலை ஏறும் இடத்தில் இறங்கி நின்றோம். கீழே ஏரி, அதன் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பைனாகுலரில் பார்த்தால் அத்தனையும் பூநாரை.

எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42) அளவுள்ள பைனாகுலர் ஆளுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் சரியான நேரத்தில் அது மற்றவர் கையில்தான் இருக்கும். கேமராவுக்கு முக்காலி தேவையில்லை. பயறு நிரப்பிய ஒரு சின்னத் துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸைச் சாய்த்தால் ஆடாது.

செவ்வாய், கொரோங்கோரோ

விடியும் முன் ஸ்வெட்டர், அதன் மேல் காற்றுப்புகா ஜாக்கெட், தலைக்குக் கம்பளிக் குல்லாய். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று மட்டும் நினைத்து வருகிறவர்கள் இந்த மலை விளிம்பில் நடுங்கிவிடுவார்கள். 2,300 மீட்டர் உயரம், அதோடு மூடுபனி.

எரிமலை ஒன்று தன் மேலேயே இடிந்து விழுந்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்படி உண்டான பள்ளம் இது. ஆழம் 600 மீட்டர், அடித்தளப் பரப்பு 260 சதுர கிலோமீட்டர். செனெட்டோ பாதையில் பனியைத் துளைத்துக்கொண்டு இறங்கினோம். பனி முடிந்த இடத்தில் தரை முழுக்க விலங்குகள். அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள், பேசவில்லை.

இங்கே ஒட்டகச்சிவிங்கி கிடையாது. சுவர் செங்குத்து, அவற்றுக்கு வேண்டிய மரங்களும் கீழே குறைவு என்று காரணம் சொல்கிறார்கள். யானைகளில் பெரும்பாலும் வயதான ஆண்கள்தான். லெராய் காட்டின் ஓரத்தில் ஒன்று நின்றது, தந்தங்கள் கிட்டத்தட்ட புல்லைத் தொட்டன. கருப்புக் காண்டாமிருகம் வெகு தூரத்தில், வெப்ப அலையில் நடுங்கும் ஒரு சாம்பல் புள்ளியாகத் தெரிந்தது. 1960களில் இந்தப் பள்ளத்தில் நூற்றுக்கு மேல் இருந்தவை, வேட்டையால் 1990களில் பத்துப் பதினைந்தாகக் குறைந்தன. மறுபடி பெருகி வருகின்றன. அந்தப் புள்ளியைப் பார்க்க நாங்கள் ஒரு மணி நேரம் நின்றது இதை நினைத்துத்தான்.

சிங்கங்களுக்கு வேறொரு கதை. 1962இல் கனமழைக்குப் பின் கடிக்கும் ஈக்கள் பெருகி, பள்ளத்தின் சிங்கங்களை ஏறக்குறைய அழித்தேவிட்டன. பிழைத்த சிலவற்றின் வழிவந்தவைதான் இப்போதுள்ளவை. வெளியிலிருந்து ஆண் சிங்கங்கள் இறங்கி வந்து சேர்வது அரிது என்பதால் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கிறது. சுவர் இந்த விலங்குகளைக் காக்கிறது, அடைத்தும் வைக்கிறது.

செலவு: நுழைவுக்கு ஆளுக்கு 60 டாலர், அதன் மேல் 18 சதவீத வரி. பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்குத் தனியாக, வரியோடு ஏறக்குறைய 295 டாலர். இவை மாறக்கூடியவை, முன்பதிவு செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள். வண்டிக் கட்டணம் எத்தனை பேர் போனாலும் ஒன்றுதான் என்பதையும் கவனியுங்கள்.

புதன், ஓல்டுவாய் வழியாக நுடுட்டு

மலையின் மறுபக்கம் இறங்கியதும் மசாய் என்ற மேய்ப்பர் இனத்தவரின் கிராமங்கள். மாடுகளும் வரிக்குதிரைகளும் ஒரே புல்லில் மேய்கின்றன. இந்த நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு, பயணி அதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று நினைக்கிறேன். 1959இல் செரங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து மசாய்களை வெளியேற்றியபோது, அவர்களும் விலங்குகளும் சேர்ந்து வாழ்வதற்கென்றே கொரோங்கோரோ தனிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. 2022 முதல் அங்கிருந்தும் அவர்களை வெகு தொலைவில் உள்ள ம்சொமெராவுக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. தாமாகப் போகிறார்கள் என்கிறது அரசு. வாழ்வாதாரத்தை நெருக்கித் துரத்துகிறார்கள் என்கிறார்கள் மசாய்கள் பலர். நாம் ஆளில்லாத வெளி என்று ரசிக்கும் இடத்தில் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் உறுத்திய விஷயம் இது.

ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1959 ஜூலையில் தொல்லியலாளர் மேரி லீக்கி இங்கேதான் மனிதனின் ஆதி உறவினம் ஒன்றின் பதினேழரை லட்சம் ஆண்டு பழைய மண்டை ஓட்டைக் கண்டெடுத்தார். அருகில் லேட்டோலியில் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் பதிந்த ஆதிமனிதக் காலடித் தடங்களின் அச்சும் இங்கே உண்டு. பல திட்டங்களில் இந்த நிறுத்தம் இருக்காது. கேட்டு வாங்குங்கள்.

எரிமலைச் சாம்பல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதை வழிகாட்டி மண்ணைக் கையில் எடுத்துக் காட்டிச் சொன்னார். காற்று கொண்டுவந்து கொட்டிய எரிமலைச் சாம்பலால் இந்த மண்ணில் கால்சியமும் பாஸ்பரசும் அதிகம். பாலூட்டும் தாய்களுக்கு அவைதான் வேண்டும். அடியில் சாம்பல் இறுகிப் பாறைபோல் ஆகிவிட்டதால் மரத்தின் வேர் இறங்காது, வெறும் குட்டைப்புல். எதிரி வந்தால் தூரத்திலேயே தெரியும். ஆனால் இங்கே நம்பிக்குடிக்க நிரந்தர நன்னீர் கிடையாது. மழை நின்றதும் கிளம்பித்தான் ஆக வேண்டும். இடப்பெயர்ச்சி முழுவதற்கும் காரணம் எங்கள் காலடியிலேயே இருந்தது.

கூடாரத்துக்கு வேலி இல்லை. இருட்டிய பிறகு காவலர் டார்ச்சோடு வந்து அழைத்துப் போவார், தனியாக நடக்கக் கூடாது. குளிக்கச் சுடுதண்ணீரை வாளியில் கொண்டுவந்து மேலே தொங்கும் பையில் ஊற்றுகிறார்கள். தாராளமாகப் போதும்.

வியாழன், நுடுட்டு

இந்த நாளுக்காகத்தான் வந்தோம்.

காலை ஆறு மணிக்கே வெளியே. எந்தத் திசையில் பார்த்தாலும் வில்டபீஸ்ட், அடிவானம் வரை. முனகலும் செருமலும் கலந்த அவற்றின் குரல் நாள் முழுக்க ஓயவில்லை. ஒரு பெண் வில்டபீஸ்ட் கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகிப் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. வழிகாட்டி இஞ்சினை அணைத்தார். குட்டி தரையில் விழுந்ததும் நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். அக்கா பார்த்திருக்கிறாள்: நான்கு தடவை முகம் குப்புற விழுந்து, எட்டாவது நிமிடம் நின்றது. கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடியது.

ஐந்து லட்சம் வரை குட்டிகள் பிறக்கும், அவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரத்துக்குள். கழுதைப்புலியும் சிங்கமும் எவ்வளவு தின்றாலும் அத்தனையும் தின்ன முடியாது. ஒன்றாகப் பிறப்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு. ஒருகாலத்தில் இந்தக் கூட்டமே இவ்வளவு பெரிதாக இல்லை. மாடுகளிடமிருந்து பரவிய ரிண்டர்பெஸ்ட் நோய் 1890களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இவற்றைக் கொன்றது. 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சம்தான். சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் நோய் மறைந்தது, 1970களின் பிற்பகுதிக்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஊசி போட்டது மாட்டுக்கு, பிழைத்தது காடு.

மதியத்துக்கு மேல் ஒரு குட்டி தனியாக வந்தது. தாயைத் தவறவிட்டிருக்க வேண்டும். எங்கள் வண்டியைப் பார்த்ததும் நேராக எங்களை நோக்கி ஓடி வந்து சக்கரத்தை முகர்ந்தது. வண்டி நகர்ந்தால் கூடவே ஓடியது.

"இதைத் தூக்கிக் கூட்டத்துகிட்ட கொண்டு விட முடியாதா, கேளேன்" என்றாள் அக்கா. நான் கேட்டேன். அவர் தலையை அசைத்தார். தாய் தன் குட்டியை மணத்தாலும் குரலாலும் அடையாளம் காணும், வேறு தாய் எதுவும் பால் கொடுக்காது. நாம் இங்கே நின்றால் இது நம்மையே தாயாக எண்ணி நிற்கும், கூட்டத்தைத் தேடாது. போய்விடுவதுதான் நாம் செய்யக்கூடியது என்றார். வேகமாக ஓட்டினார். குட்டி கொஞ்ச தூரம் ஓடி வந்து நின்றது. பிறகு கூட்டம் இருந்த பக்கம் திரும்பியது. அதன் பிறகு என்ன ஆனது என்று தெரியாது. அக்கா ராத்திரி சாப்பிடவில்லை.

குழந்தைகளோடு இந்தப் பருவத்தில் வர நினைப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். குட்டி பிறக்கும் காலம் என்பது குட்டி சாகும் காலமும்தான்.

வெள்ளி, நுடுட்டு

சிவிங்கிப்புலி (சீட்டா) ஒன்று, மூன்று குட்டிகளோடு. அது பகலில் வேட்டையாடும் விலங்கு. இரவில் வேட்டையாடினால் பிடித்ததைச் சிங்கமும் கழுதைப்புலியும் பறித்துக்கொள்ளும். அந்தப் பகலில்தான் நாமும் வருகிறோம். ரேடியோவில் செய்தி போனதும் வண்டிகள் குவிந்தன. செரங்கெட்டிக்குள் பாதையை விட்டு விலகக் கூடாது, ஆனால் நுடுட்டுவில் கொரோங்கோரோ பகுதியைச் சேர்ந்த பாதியில் அதற்கு அனுமதி உண்டு. அதனால் எல்லாப் பக்கமிருந்தும் நெருங்கினார்கள். தாய் ஒரு தாம்சன் மானை நோட்டமிட்டபடி தாழ்ந்து நடந்தது. நடுவில் ஒரு வண்டி புகுந்தது. மான் ஓடிவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வழிகாட்டி நாங்கள் கேட்கும் முன்பே வண்டியைத் தள்ளி நிறுத்தியிருந்தார். "கிட்டப் போங்கள்" என்று வற்புறுத்தும் பயணிகளால்தான் ஓட்டுநர்கள் நெருங்குகிறார்கள், நல்ல டிப்ஸ் கிடைக்கும் என்று. ஆகவே இது ஓட்டுநர்கள் தீர்க்கும் பிரச்சினை அல்ல, நாம் தீர்ப்பது. முதல் நாளே சொல்லிவிடுங்கள்: தூரத்திலிருந்து பார்த்தால் போதும், வேட்டையைக் கெடுக்க வேண்டாம். மற்றவர்கள் சலித்துப் போன பிறகும் நாங்கள் நின்றோம். நாலு மணிக்கு மேல் அது மறுபடி எழுந்தது. இந்தத் தடவை பிடித்தது. குட்டிகள் தின்று முடிக்கும் வரை தாய் தலையைத் தூக்கிச் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே இருந்தது.

சனி, செரொனேரா

நாபி குன்று நுழைவாயிலில் ஆவண வேலை. செரங்கெட்டிக்கு ஆளுக்கு வரியோடு 82.60 டாலர், உள்ளே தங்கத் தனிக் கட்டணம். அனுமதி 24 மணி நேரக் கணக்கு. எத்தனை மணிக்கு நுழைகிறீர்களோ அத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். திட்டத்தில் வெளியேறும் நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

செரங்கெட்டியின் நடுவே உள்ள செரொனேரா ஆற்றோரத்து வேல மரங்களில் சிறுத்தையைத் தேடினோம். ஒரு வால் மட்டும் தொங்கியது. அவ்வளவுதான், அது இறங்கவில்லை. பாறைக் குன்றின் மேல் சிங்கங்கள் நிழலில் தூங்கின. நீர்யானைக் குட்டையில் நாற்றம் தாங்கவில்லை. நல்ல நாள்தான், ஆனால் மனம் நுடுட்டுவிலேயே இருந்தது.

ட்செட்ஸி ஈக்கள் மரங்கள் அடர்ந்த பகுதிகளில் கடிக்கும், கருநீலமும் கருப்பும் அவற்றை இழுக்கும். உடைக்குக் காக்கி, மண் நிறம் நல்லது.

ஞாயிறு, செரொனேரா ஓடுதளம்

திரும்பும்போது சின்ன விமானம். ஒரு முழுநாள் சாலைப் பயணம் மிச்சம். ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் கேமராவும் சேர்த்து, அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டியை ஏற்றமாட்டார்கள். டிப்ஸை டாலராகக் கொடுக்கிறவர்கள் புது நோட்டாகக் கொண்டுவாருங்கள், 2006க்கு முந்தையவற்றைப் பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை. பிளாஸ்டிக் கேரிபேக்குகளுக்கு 2019 ஜூன் முதல் தான்சானியாவில் தடை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

வழிகாட்டியிடம், மறுபடி வந்தால் எந்த மாதம் என்று கேட்டேன். நவம்பர் என்றார். குறுமழை தொடங்கி, கூட்டம் வடக்கிலிருந்து திரும்பி நடக்கும் நேரம், வண்டிகளும் குறைவு. அக்கா அதற்குள் போனில் நவம்பர் நாட்காட்டியைத் திறந்துவிட்டாள். மலேரியா மாத்திரை எங்கள் வகைக்கு ஊர் திரும்பிய பின்னும் ஏழு நாள் உண்டு, காலைச் சாப்பாட்டோடு.